இசியூ நன்றாகத்தான் இருக்கிறது

அன்புள்ள கண்ணனுக்கு,

கார் சரியாகிவிட்டது. நீ அனுப்பிய 52,000 ரூபாயை நேற்று பாங்க்குக்குப் போய் உன் கணக்குக்கே திருப்பிப் போட்டுவிட்டேன். மறுபடி அனுப்பாதே.

இன்ஜின் கம்ப்யூட்டரை, அதுதான் அந்த இசியூவை, மாற்றச் சொல்லி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த எஸ்டிமேட்டை நான் போட்டோ எடுத்து அனுப்பியது யோசனை கேட்கத்தான், பணத்துக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு முதல் ரிங்கிலேயே எடுத்தாய். அந்த நேரத்தில் கூப்பிட்டால் 'மீட்டிங்மா, அப்புறம் பேசறேன்' என்று மெசேஜ்தான் வரும். சரி, லீவாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து போனே இல்லை.

அந்த ஒர்க்‌ஷாப் கூத்தைக் கேள். இன்ஜின் லைட், ஏபிஎஸ் லைட், ஸ்டீயரிங் லைட் மூன்றும் ஒன்றாக எரியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீடோமீட்டர் முள் பொத்தென்று சைபரில் விழும். ஸ்கேனர் மாட்டிய பையன் உட்காரக்கூட இல்லை, "இசியூ போச்சு மேடம், யு0100 கோட் வருது, இன்ஜின் கம்ப்யூட்டரோட மத்த யூனிட்டால பேச முடியல" என்கிறான். பேச முடியவில்லை என்றால் அது செத்துப்போய்விட்டது என்றா அர்த்தம்? நடுவில் ஒயர் போயிருக்கலாம். அதற்குக் கரண்டே சரியாகப் போகாமல் இருக்கலாம். ஆயுசு முழுக்க டெலிபோன்ஸில் ஃபால்ட் பார்த்தவளிடம் வந்து சொல்கிறான்.

ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு, எர்த் பார்த்தீர்களா என்று கேட்டேன். பையன் சூப்பர்வைசரைப் பார்த்தான். சூப்பர்வைசர், "சாரை ஒரு தடவை வரச் சொல்லுங்க மேடம்" என்றார். எந்த சாரை? கூடத்துச் சுவரிலிருந்து உன் அப்பா படத்தைக் கழற்றிக்கொண்டு போகவா?

எஸ்டிமேட்டின் அடியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருந்தது, பார்த்தாயா? எலக்ட்ரிகல் சாமான் பொருத்திய பிறகு திரும்ப எடுக்க மாட்டார்களாம். புது இசியூவுக்குச் சாவி கோடிங் சார்ஜ் தனி. மாற்றியும் லைட் அணையவில்லை என்றால் அடுத்த சாமானுக்கு அடுத்த எஸ்டிமேட். நீ அதைப் படித்திருக்க மாட்டாய், படித்திருந்தால் அஞ்சே நிமிஷத்தில் பணம் அனுப்பியிருக்க மாட்டாய். ஸ்கேனிங் சார்ஜை மட்டும் கட்டி, கோட் பிரின்ட்டையும் ரசீதையும் வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

ஆதம்பாக்கத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார், பெட்டிக்கடை அளவுதான் கடை. அவர் ஸ்கேனர் பக்கமே போகவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்தார், இன்னொன்றை இன்ஜின் மேல் வைத்தார், "ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்றார். கால் வோல்ட்டைத் தாண்டக் கூடாதது ஒன்றரை வோல்ட் காட்டியது. பேட்டரி ட்ரேயைத் தூக்கினால் அடியில் எர்த் பட்டை, பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு சேர்க்கிற பின்னல் கம்பி. மேலே கறுப்பு டேப் சுற்றி ஒழுங்காகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றியதும் பட்டை முனையில் இருக்கும் லக் பச்சையாகப் பூத்திருந்தது, பின்னலில் பாதி இழை அவர் கையோடு வந்துவிட்டது. எர்த் கெட்டால் எந்த யூனிட்டுக்கும் முழு வோல்டேஜ் கிடைக்காது, ஒன்று சொல்வது இன்னொன்றுக்குக் கேட்காது, பழி மட்டும் இசியூ மேல். புதுப் பட்டை, கூலி எல்லாம் சேர்த்து 850 ரூபாய்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீரில் நின்ற வண்டி, அப்போது பிடித்த களிம்புதான் என்றார். அதற்குப் பிறகு மழை என்று அறிவித்தாலே தெருவே கிளம்பி வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டியை விட்டுவிட்டு வருகிறதே, நானும் விடுகிறேன். நீ அங்கிருந்து சிரிக்கிறாய்.

மாமா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போ, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ்கூடக் கிடையாது என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். 52,000 கட்டியிருந்தால் கண்டிப்பாகப் போயிருப்பேன். ஸ்கேனிங் சார்ஜுக்காக வாய்தா வாய்தாவாக அலைய என்னால் முடியாது.

நீயும் புனேயில் வண்டியை சர்வீஸுக்கு விடும்போது பழைய சாமானைக் கையில் வாங்காமல் பைசா கொடுக்காதே. எதையும் அளந்து பார்க்கச் சொல், அப்புறம் பணம் எடு. பிள்ளை கேட்காமலேயே அனுப்பினான் என்று எதிர்வீட்டில் பீற்றிக்கொண்டது நிஜம். ஆனால் இந்தச் சமயத்தில் அத்தனை பணத்தை யோசிக்காமல் தூக்கிக் கொடுக்கலாமா? பேப்பரில் உங்கள் கம்பெனிகளைப் பற்றி என்னென்னவோ போடுகிறார்கள். எல்லாவற்றையும் நான் நம்புவதில்லை. குட்டி போனில், இப்போதெல்லாம் அப்பாதான் ஸ்கூலுக்குக் கூட்டிப் போகிறார், அப்பாதான் கூட்டி வருகிறார் என்றது. நல்லதுதான், குழந்தைக்குச் சந்தோஷம்.

மில் மூடிய பிறகும் பெரியப்பா தினமும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது உனக்குத் தெரியும். பெரியம்மா கடைசிவரைக்கும் எதை மன்னிக்கவில்லை என்பதும் தெரியும். உன் பெண்டாட்டி புத்திசாலி, அவளிடம் எதையும் மறைக்காதே. என்னிடம் சொல்ல வேண்டாம், அவளிடம் மறைக்காதே. வேளைக்குச் சாப்பிடு. பழைய சாமானை வாங்காமல் பணம் கொடுக்காதே.

மாடி போர்ஷனில் இருந்தவர்கள் போன மாதம் காலி செய்துவிட்டார்கள். புரோக்கர் இரண்டு பேரை அழைத்து வந்தார். இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன், டு-லெட் போர்டும் மாட்டவில்லை. பள்ளிக்கூடத்து லீவுக்குள் பெயின்ட் அடித்து முடிக்கலாம் என்கிறார் மேஸ்திரி. குட்டிக்கு எந்த கலர் பிடிக்கும் என்று கேட்டு எழுது, இல்லை போன் செய்.

அம்மா