கடை நம்முடையது, கணக்கு யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு வியாபாரிகள் ஆன்லைனுக்கு வர வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெப்சைட், இன்ஸ்டாகிராம், ரீல்ஸ் என்று எல்லாம் சொல்லியிருந்தார்கள், சரி. ஆனால் அந்தக் கணக்குகளெல்லாம் யார் பெயரில் இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. எங்களைப் போன்றவர்கள் அடிபடுவது அங்கேதான்.

நாங்கள் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடுகிறோம். பாகு பதம் பார்ப்பது என் கணவர். போன், ஆர்டர், பார்சல் எல்லாம் என் பொறுப்பு. முன்பெல்லாம் ரயிலிலும் பஸ்ஸிலும் வருகிறவர்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. இப்போது மதுரை - திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் காரில் வருகிறவர்கள், ஊருக்குள் திரும்புவதற்கு முன்பே போனில் தேடிப் பார்த்துவிடுகிறார்கள். கூகுள் மேப்பில் எந்தக் கடை தெரிகிறதோ அதன் வாசலில் வண்டி நிற்கிறது. பக்கத்திலேயே தலைமுறையாக மிட்டாய் போடுகிற கடை இருந்தாலும், மேப்பில் இல்லையென்றால் வெளியூர்க்காரருக்கு அது இல்லாத கடைதான்.

அந்த மேப்பில் கடையைப் பதிய ஒரு பைசா கட்டணம் கிடையாது. இது பலருக்குத் தெரியாது. "கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் கடையை முதல் பக்கத்தில் கொண்டுவருகிறோம், வருஷத்துக்கு இவ்வளவு" என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் போன் வருகிறது. பணம் கொடுத்து விளம்பரம் போடுவது வேறு. அதில் விளம்பரம் என்று தனியாகக் குறிப்பு வரும். சாதாரணமாகத் தேடும்போது முதலில் வருவதைக் காசுக்கு விற்பதில்லை என்று கூகுளே சொல்கிறது. பதிவதும் பெரிய வித்தை இல்லை. பெயர்ப்பலகை, தெரு, கடைக்குள் அடுப்படி என்று போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். சரிபார்த்ததும் கடை நேரம், போன் நம்பர், படங்களை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

அப்படி நம் கையில் வைத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்? மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம் என்று ஒரு வசதி இருக்கிறது. போன தீபாவளி நேரத்தில் எங்கள் தெருவில் ஒரு கடை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று காட்டியது. உள்ளே மூன்று அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன! யார் சொன்ன திருத்தமோ தெரியாது. அந்தப் பதிவை ஒரு ஏஜென்ட் தன் மெயிலில் தொடங்கியிருந்தார். எச்சரிக்கை வந்திருந்தாலும் அவருக்குத்தான் போயிருக்கும். அவரோ நம்பரை மாற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டார். கடைக்காரர் உரிமை கேட்டு விண்ணப்பித்து, அது கைக்கு வருவதற்குள் சீசன் முடிந்துவிட்டது.

வெப்சைட் கதை இன்னும் மோசம். பேக்கிங் கவர் அடித்துக் கொடுக்கிற எங்களுக்குத் தெரிந்த ஒருவர், வெப்சைட் முகவரியைக் கவரில், பில்லில், வண்டியில் எல்லாம் அச்சடித்திருந்தார். முகவரி பதிவாகியிருந்தது செய்து கொடுத்தவரின் பெயரில். புதுப்பிக்கும் நேரத்தில் அவர் வாய்க்கு வந்த தொகையைக் கேட்டார், இவர் மறுத்தார். இப்போது அந்த முகவரியைத் திறந்தால் சம்பந்தமே இல்லாத ஏதோ விளம்பரம் வருகிறது. கடை வாடகை ஒப்பந்தத்தை வேறு ஒருவர் பெயரில் எழுதச் சம்மதிப்போமா? இதற்கு மட்டும் ஏன் சரி என்கிறோம்? வேலையை யாரிடமும் கொடுக்கலாம். மெயில், பாஸ்வேர்டு, முகவரிப் பதிவு, ஓடிபி வருகிற நம்பர் ஆகியவை கடை உரிமையாளருடையதாக இருக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு, அதாவது இந்தப் பொருள் இந்த ஊருக்கே உரியது என்ற சட்டப்படியான அடையாளம், கிடைத்தது. ஆனால் ஆன்லைனில் தேடினால் எங்கெங்கோ போட்டதெல்லாம் கோவில்பட்டி என்ற பெயரில் வருகிறது. ஊருக்குக் குறியீடு கிடைத்தால் மட்டும் போதாது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு தயாரிப்பாளரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்' என்று தனியாகப் பதிய வேண்டும். அப்புறம்தான் அந்த முத்திரையைப் பாக்கெட்டில் போட முடியும். அப்படிப் பதிந்தவர்கள் அந்த எண்ணையும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணையும் மேப்பிலும் வாட்ஸ்அப் கேட்டலாக்கிலும் (நம் சரக்குகளைப் படத்தோடு காட்டும் பட்டியல்) தெரியும்படி போட்டால் வாங்குகிறவர்களுக்கு வித்தியாசம் புரியும். கூடவே சொந்தப் படமும் வேண்டும். கருப்பட்டி போட்டதா, வெல்லம் போட்டதா, மேலே கலர் தேங்காய்ப்பூ தூவியதா என்று பார்த்துத்தான் கேட்கிறார்கள். இணையத்தில் கிடைத்த வடநாட்டுச் சிக்கி படத்தைப் போட்டுவிட்டு, "நீங்கள் அனுப்பியது வேறு மாதிரி இருக்கிறதே" என்ற சண்டைக்கு நாமே வழி செய்ய வேண்டாம்.

வரி விஷயத்தையும் யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி தேவையில்லை என்ற தைரியத்தில் பலர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்குள் என்றால் சரி. 2023 அக்டோபரிலிருந்து மாநிலத்துக்குள் ஆன்லைன் தளங்கள் வழியாக விற்கவும் சிறு வியாபாரிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் பெங்களூருவுக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் பதிவு வேண்டும். ரீல்ஸ் பார்த்து ஆர்டர் கொடுக்கிறவர் எந்த ஊர்க்காரர் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாதே!

தூத்துக்குடி மாவட்டத் தொழில் மையத்துக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். கோவில்பட்டியிலேயே ஒரு முகாம் போடுங்கள். மேடைப் பேச்சும் பொன்னாடையும் வேண்டாம். ஒவ்வொருவரும் தன் போனைக் கொண்டுவந்து, தன் மெயிலில், தன் கடையைப் பதிந்துவிட்டு எழுந்து போகிற மாதிரி இருக்கட்டும். ஏஜென்டிடம் மாட்டியிருக்கும் பதிவுகளை மீட்க விண்ணப்பமும் அங்கேயே போட்டுவிடலாம். புவிசார் குறியீட்டுப் படிவத்துக்கு ஒரு மேசை, ஜிஎஸ்டிக்கு ஒரு மேசை இருந்தால் போதும். தயவுசெய்து ஆடி மாதத்துக்குள் வையுங்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் தீபாவளி ஆர்டர் தொடங்கிவிடும். அப்புறம் எங்களில் ஒருவரும் அடுப்பை விட்டு வரமாட்டோம்.

இப்படிக்கு,
கடலை மிட்டாய் தயாரிக்கும் வாசகி,
கோவில்பட்டி.