பெயரில்லாத சான்றிதழ்

ஆசிரியருக்கு,

அமெரிக்க அரசின் ‘கென்னடி-லூகர் யெஸ்’ உதவித்தொகை 2002-ல் தொடங்கியது. 15 முதல் 17 வயதுப் பிள்ளைகள் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி ஒரு கல்வியாண்டு பள்ளிக்குப் போகலாம். விமானக் கட்டணமும் கிடைக்கும். தங்கவைக்கும் குடும்பம் காசு வாங்காது. இந்தியப் பிள்ளைகளும் போயிருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் என் மாணவி ஒருத்தி ஆசைப்பட்டாள். பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை, வெறும் ‘பெண்’. பெயர் சேர்த்து பாஸ்போர்ட் எடுப்பதற்குள் கடைசித் தேதி போயே போய்விட்டது. அவள் அப்பாவுக்கு நான்கு நாள் கூலி நஷ்டம்தான் மிச்சம். திரும்பி வந்தால் எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதற்கும் பள்ளியில் பதில் இல்லை.

ஒன்பதாம் வகுப்பிலேயே பாஸ்போர்ட் முகாம் நடத்தலாமே?

ஓர் ஆங்கில ஆசிரியை,
தருமபுரி மாவட்டம்