டெரியர் ரிங்குக்குப் போகும் மகளுக்கு

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்பு மகளுக்கு,

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நாய் ஷோவில் ஃபாக்ஸ் டெரியர், பார்டர் டெரியர், ஸ்டாஃபி என்கிற ஸ்டாஃபர்ட்ஷைர் புல் டெரியர் மூன்று இனத்துக்கும் நீதான் ஜட்ஜ் என்று அம்மா சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. போனில் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகும். எழுதினால் நீ இரண்டு தடவை படிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

ஒவ்வொரு இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பிரீட் ஸ்டாண்டர்டு முழுவதும் உனக்கு மனப்பாடம் என்று எனக்குத் தெரியும். உயரம், எடை, காது மடிப்பு, கண் நிறம் எல்லாம் கேட்டால் சொல்லிவிடுவாய். ஆனால் நாய்களை நிறுத்திப் பார்க்கும் ரிங்கில் பத்து நாய் வரிசையாக நிற்கும்போது ஸ்டாண்டர்டின் வரிகள் மட்டும் போதாது. எல்லா நாய்க்கும் ஏதோ ஒரு வரி பொருந்தும், ஏதோ ஒரு வரி பொருந்தாது. எதற்கு அதிக மதிப்பு கொடுப்பது என்பதுதான் கேள்வி. நான் எப்போதும் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்வேன்: இந்த நாய் நரி வளைக்குள் போய் உயிரோடு திரும்பி வருமா?

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இந்த டெரியர் நாய்களை வளர்த்தவர்கள் அழகுக்காக வளர்க்கவில்லை. நரி, பேட்ஜர் என்ற வளை தோண்டும் விலங்கு, நீர்நாய், எலி, இவைதான் அவர்களுடைய தலைவலி. ஸ்டாண்டர்டில் இருக்கிற ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அந்த வேலை இருக்கிறது. ரோமம் முரடாக இருக்கச் சொல்வது மழைக்கும் முள்ளுக்கும். கண் சின்னதாக, உள்ளே அமைந்திருக்கச் சொல்வது மண் விழாமல் இருக்க. மூஞ்சி நீளமாக, தாடை பலமாக இருக்கச் சொல்வது முதல் பிடியிலேயே இரையை நிறுத்த. ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் 1819-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பால்காரரிடம் ட்ரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கி ஒரு வம்சத்தையே உண்டாக்கினாரே, அவரே 1874-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் ஷோவில் ஃபாக்ஸ் டெரியர்களுக்கு ஜட்ஜாக இருந்தார். வேட்டைக்கு நாய் வளர்த்த கையும் பரிசு கொடுத்த கையும் அன்றைக்கு ஒன்றாகவே இருந்தன. பிறகுதான் இரண்டும் விலகிப் போயின.

உன் தாத்தா டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். வெட்டுக்கு முன்னால் கரும்பின் காய்ந்த சோகைக்குத் தீ வைப்பார்கள். அப்போது ஓரத்தில் நாலைந்து குட்டை நாய்கள் காத்துக்கொண்டு நிற்கும். கரும்பெலி வெளியே பாய்ந்ததும் பிடிக்கும். அந்த நாய்களுக்கு வம்சப் பத்திரம் எதுவும் கிடையாது. ஆனால் எந்த நாய் நல்ல நாய் என்று தாத்தா நின்ற இடத்திலிருந்தே சொல்லுவார். கால் நேராக விழுகிறதா, மூச்சு நிதானமாக இருக்கிறதா, எலி திரும்பினால் நாயும் அதே வேகத்தில் திரும்புகிறதா, இதைத்தான் பார்ப்பார். நான் பிறகு படித்த எல்லாப் புத்தகமும் அதைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்லின.

பார்டருக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் உன் மூன்று இனங்களில் இதுதான் மிகவும் கவனம் கேட்கும். குதிரைக்குப் பின்னால் ஓடவும் வேண்டும், நரி போன பொந்தில் நுழையவும் வேண்டும். அதனால்தான் ஆண் நாய்க்கு 6 முதல் 7 கிலோ என்று வைத்திருக்கிறார்கள். தோளுக்குப் பின்னால் இரண்டு கையாலும் மார்பைச் சுற்றிப் பிடிக்க முடிய வேண்டும் என்று ஸ்டாண்டர்டே சொல்கிறது. இதைப் பேருக்குச் செய்யாதே. பரிசோதனை டேபிளில் ஏற்றிய நாய்க்குப் பின்பக்கமாக நின்று, கட்டைவிரல் இரண்டையும் முதுகெலும்பின் மேல் சேர்த்து, மற்ற விரல்களைக் கீழே கொண்டுபோய், முன்கால்கள் டேபிளை விட்டு எழும்படி லேசாகத் தூக்கு. விரல்கள் கீழே சந்திக்க வேண்டும். கூடவே விலா அழுத்தத்துக்கு இடம் கொடுக்கிறதா என்றும் பார். பீப்பாய் மாதிரி உருண்டு விறைத்த மார்பு என்றால் அந்த நாய் குறுகலான இடத்தில் மாட்டிக்கொள்ளும். உன் கை சின்னது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள். தோலையும் பிடித்துப் பார்: தடிமனாகவும் தளர்வாகவும் இருக்க வேண்டும். பல் பட்டாலும் தோலோடு போகும், சதைக்கு இறங்காது. தலை நீர்நாய்த் தலை என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். மார்பையும் தோலையும் பார்க்கிறவர்கள் குறைவு.

வயர் ஃபாக்ஸ் டெரியரில், அதாவது கம்பி மாதிரி முரட்டு ரோமம் உள்ள ஃபாக்ஸ் டெரியரில், நேர்மாறான சிக்கல். அங்கே பார்க்க அழகு அதிகமாகவே இருக்கும். நியூயார்க் வெஸ்ட்மின்ஸ்டர் ஷோவில் வேறு எந்த இனத்தையும் விட அதிகமாக முதலிடம் வாங்கியது இதுதான், 2019-இலும் இதற்கே கிடைத்தது. கை தேர்ந்தவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து, செத்த ரோமத்தை விரலால் பிடுங்கிப் பிடுங்கி ஸ்ட்ரிப் செய்து கொண்டுவருவார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன், நானும் செய்தவன். ஆனால் அந்த ரோமத்தை வைத்தே வளைந்த காலை நேராகக் காட்டலாம், மெலிந்த மூஞ்சியை நிரப்பிக் காட்டலாம், தோள் அமைப்பையும் மறைக்கலாம். ஆகவே கண் சொல்வதைக் கை உறுதி செய்யும் வரை நம்பாதே. கண்ணுக்குக் கீழே தாடையில் விரலை வைத்து எலும்பைத் தேடு. முன்காலை ரோமத்தோடு சேர்த்துப் பிடித்து மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வா. தோள்பட்டை பின்னால் சாய்ந்திருக்கிறதா என்று தொட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். ரோமத்தைப் பிரித்து அடியில் மென்மயிர் இருக்கிறதா என்று பார். கத்தரியும் மெஷினும் போட்டு வெட்டினால் நாளடைவில் அந்த முரட்டுத்தன்மை போய் மிருதுவாகிவிடும். அப்புறம் நடக்க விடு. முன்கால்கள் இரண்டும் இணையாக, நேராக முன்னால் வீச வேண்டும். முழங்காலை மேலே தூக்கித் தூக்கி நடப்பது பார்வையாளர்களுக்குப் பிடிக்கும், கைதட்டுவார்கள். அதற்கு நீ மயங்காதே.

வாலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தென்னாப்பிரிக்காவில் 2008 முதல் கால்நடை மருத்துவர்கள் வாலை வெட்டுவதில்லை. எனக்கு அது சந்தோஷம். ஆனால் வெட்டிய வாலையே பார்த்துப் பழகிய கண்கள் முழு வாலைப் பார்த்ததும் சமநிலை கெட்டதாக நினைக்கின்றன. உனக்கு அந்தப் பழக்கம் இல்லை. வால் எங்கே முளைக்கிறது என்று பார். நுனி கொஞ்சம் முதுகுப் பக்கம் வளைந்தது என்பதற்காக நல்ல நாயைக் கீழே இறக்காதே.

ஸ்டாஃபி வளைக்குள் போகிற நாய் இல்லை. அதன் முன்னோர்களைச் சண்டைக்கு விட்டார்கள். அந்தக் கொடுமையை மறைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்து கென்னல் கிளப் இந்த இனத்தை ஏற்றுக்கொண்டதே 1935-இல்தான். நம்ம ஊரில் இதற்கு இருக்கிற ஆசையைச் சொல்லவே வேண்டாம், சாட்ஸ்வர்த்தில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. அதனாலேயே மார்பு அகலமாக, தலை பெரிதாக, கால் குட்டையாக ஆகிக்கொண்டே போகிறது. கனமாக இருந்தால் பலம் என்று நினைக்கிறார்கள். ஸ்டாண்டர்டு 36 முதல் 41 சென்டிமீட்டர் உயரம் கேட்கிறது, பலத்தோடு துடிப்பையும் கேட்கிறது. ரிங்கை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி வரச் சொல். நின்றதும் மூச்சைக் கேள். அந்த வெயிலில் எந்த நாய்க்கும் மூச்சிரைக்கும், ஆனால் குறட்டை மாதிரிச் சத்தம் வந்தால் அந்த நாய்க்கு முதல் இடம் இல்லை, தலை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. மனுஷரிடம் பயமோ முறைப்போ காட்டுகிற ஸ்டாஃபிக்கும் அப்படித்தான்.

இப்போது சொல்லக் கஷ்டமான விஷயம். வயர் கிளாஸில் மாமா நாய் கொண்டுவருவார். உனக்கு முதல் குட்டியைக் கொடுத்தவர் அவர், ஸ்ட்ரிப் செய்யக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அவர் உன்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட மாட்டார், அவ்வளவு கண்ணியமானவர். உன் மனம்தான் தடுமாறும். அவர் நாய்க்குக் கொடுத்தால் பேசுவார்களே என்று பயந்து நல்ல நாயைத் தள்ளிவிடுவதும் அநியாயம்தான். அவர் கையில் இருக்கிற நாயை டேபிளில் வைத்ததும் உன் கையை வேலை செய்ய விடு. தாடை, தோள், மார்பு, கால். கை பதில் சொல்லிவிடும்.

நான் சின்ன வயதில் ஒரு தோட்ட முதலாளி வீட்டு நாய்க்கூடத்தில் வேலை பார்த்தேன். நான் தயார் செய்த நாயை ரிங் ஓரம் வரை கொண்டுபோவேன், கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே நிற்பேன். நம்மவர்கள் உள்ளே போகிற காலம் இல்லை அது. ஜட்ஜ்கள் நாயைப் பார்க்கும் முன் பிடித்திருப்பவர் முகத்தைப் பார்ப்பதை அங்கே நின்றுதான் கவனித்தேன். அப்படிப் பார்க்காத ஒருவரும் இருந்தார். டேபிளுக்கு வந்தால் அவர் கண் நாயை விட்டு மேலே போகாது. அவர் ரிங் என்றால் எல்லோரும் நிம்மதியாக நிற்பார்கள், கடைசி இடம் வந்தவர்கள் உட்பட. நீ அப்படி ஒரு ஜட்ஜாக வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதனால் நான் ஷோவுக்கு வரப்போவதில்லை. நான் ரிங் ஓரத்தில் நின்றால், நீ தலை நிமிர்ந்தாலே அப்பாவைப் பார்த்து முடிவு செய்தாய் என்பார்கள். உன் முடிவு உன்னுடையதாக மட்டும் இருக்கட்டும்.

சின்னச் சின்ன விஷயங்கள்: டேபிள் ஆடுகிறதா என்று முதலில் நீயே அழுத்திப் பார். குட்டிகளிடம் கையை மேலிருந்து கொண்டுபோகாதே, மோந்து பார்க்க விடு. முதல் தடவை வருகிற பிள்ளைகள் பதறினால் இன்னொரு முறை நடக்கச் சொல், நேரம் இருக்கிறது. கிரிட்டிக், அதாவது ஒவ்வொரு நாயைப் பற்றிய உன் கருத்து, எழுதும்போது குறையை மட்டும் எழுதாதே, எதற்காக அந்த இடம் கொடுத்தாய் என்று எழுது. முடியும் வரை, எந்த நாய் யாருடையது என்று போட்டிருக்கும் கேட்டலாக்கைத் தொடாதே.

முடிந்ததும் ஒரு கேட்டலாக் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வா. ஒவ்வொரு கிளாஸாக எனக்குச் சொல்ல வேண்டும், முதலிடம் மட்டும் இல்லை, இரண்டாவதும் மூன்றாவதும் ஏன் என்றும் சேர்த்து.

அன்புடன்,
அப்பா