காசநோயிலிருந்து மீண்டேன்: உடன் நின்றவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

ஆறு மாத மருந்து முடிந்து, கடைசி சளிப் பரிசோதனையின் முடிவும் வந்துவிட்டது. கிருமி இல்லை. பெயர் போடாமல்தான் எழுதுகிறேன். படித்ததும் யார் யாரென்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி பரிசோதனைக்கூட அக்காவுக்கு. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். "எச்சில் வேணாம்மா, அடிநெஞ்சுலேர்ந்து வரணும்" என்று வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், மூச்சை ஆழமாக இழுத்து இருமச் சொல்லித் தந்தீர்கள். முகம் சுளிக்காமல் டப்பாவை வாங்கிக்கொண்டீர்கள். அதுவரை வெறும் இருமல் டானிக்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் தங்கச்சி, எடையும் உயரமும் பார்த்து, விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டி, கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, "பிடிக்காம எழுந்து நில்லுங்கக்கா" என்றாயே! ரொம்ப முடியாதவர்களை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்க, 2022-ல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் இப்படிப் பார்க்கிறார்கள். எனக்கு வீட்டிலிருந்தே மருந்து போதும் என்றார்கள்.

வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே நம் சென்னைதான் என்று சுகாதாரப் பார்வையாளர் அண்ணன் சொன்னார். 1956-ல் இங்கே ஆய்வு தொடங்கி, ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தும், மற்றவர்களை வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்தார்கள். வீடுகளில் இடநெருக்கடி, சாப்பாடும் குறைவு. ஆனாலும் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரேபோல் குணமானது; கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாக வரவில்லை. ஒண்டுக்குடித்தனத்தில் இருந்துகொண்டு ஒரு வருஷம் மாத்திரை விழுங்கிய அந்த முகம் தெரியாத மனிதர்களே, என் மகனைப் பிரியாமல் நான் பிழைத்தேன் என்றால் அது உங்களால்தான்.

அண்ணே, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதே என்று முதல் மாத்திரைக்கு முன்பே சொல்லிவைத்தீர்கள். இருமல் நின்ற பிறகுதான் அடிக்கடி போன் செய்தீர்கள். பாதியில் விட்டால் மிஞ்சுகிற கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும் என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மகனுக்கும் தடுப்பு மருந்து வாங்கித் தந்தீர்கள்.

எனக்குத் தனி டம்ளர் வைத்தவர்களும் உண்டு. இருமும்போது காற்றில் பரவுகிற நோய் இது, டம்ளரால் ஒட்டாது. அதை யாரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தவர் எதிர்வீட்டு அம்மா. தினமும் அவித்த முட்டையோடு வந்து ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நகரமாட்டார். காசநோயாளிகளுக்கு அரசு தரும் மாதம் 1000 ரூபாயிலிருந்து முட்டைக்குக் காசு கொடுத்தாலும் வாங்கவில்லை. அம்மா, உங்களுக்கு என்ன செய்து தீர்ப்பேன்!

தையல்கடை அண்ணாச்சி, கொக்கி வைக்கிற வேலையை வீட்டுக்கே அனுப்பி, என் மெஷினில் வேறு ஆளைப் போடாமல் வைத்திருந்தீர்களே, அதுக்குப் பெரிய கும்பிடு. டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலையில் கடைக்கு வந்துவிடுகிறேன்.

என்றும் நன்றியுடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து உங்கள் சகோதரி