வீட்டு இணைய இணைப்புக் கோளாறு: தவறான பணி அறிக்கையைத் திருத்தக் கோரும் புகார்

அனுப்புநர்
வீட்டு இணைய வாடிக்கையாளர்,
கரூர்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
இணையச் சேவை நிறுவனம், மண்டல அலுவலகம்.

பொருள்: மேசைக் கணினிக்கு இணைப்புக் கிடைக்காத கோளாறு, தவறாக எழுதப்பட்ட பணி அறிக்கை, அதற்கு வசூலிக்கப்பட்ட கட்டணம் ஆகியவை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் வீட்டு இணைப்புச் சரியாகிவிட்டது. அதன் பிறகும் இந்தக் கடிதத்தை எழுதக் காரணம், தங்கள் ஊழியர் முடித்துப் போன பணி அறிக்கை. அதில் "வாடிக்கையாளர் கணினியில் பழுது, சரிசெய்யப்பட்டது" என்று இருக்கிறது. அதற்கு வருகைக் கட்டணம் 350 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 63 ரூபாய், ஆக மொத்தம் 413 ரூபாய் இந்த மாத பில்லில் ஏறியிருக்கிறது. என் கணினியில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. அன்று வந்தவர் அதைத் தொடவே இல்லை. அவர் சரிசெய்தது தங்கள் மோடத்தை.

நான் வீட்டிலிருந்தபடி சில சிறிய ஜவுளி நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் செய்து விற்பவர்கள். மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்தாக வேண்டும். 3பி தாமதமானால், வரி கட்ட வேண்டியிருக்கும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும் வட்டியும் விழும். கணக்கு மென்பொருளும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் மேசைக் கணினியில்தான் இயங்குகின்றன. "வைஃபையில் போன் வேலை செய்கிறதே, அதில் பாருங்கள்" என்று தங்கள் சேவை மையத்தில் சொன்னவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நான் ஒவ்வொரு முறையும் விளக்கிச் சொன்னேன்.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை காலை கணினியை இயக்கியபோது இணைப்பு வரவில்லை. திரையின் மூலையில் மஞ்சள் முக்கோணம். மோடத்தில் வெளி இணைப்பைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தது, சிக்னல் வராதபோது எரியும் லாஸ் விளக்கு எரியவில்லை. ஆகவே கண்ணாடி இழையில் குறையில்லை. கணினிக்குப் போகும் கேபிளுக்கான லேன் விளக்கும் மின்னியது, ஆகவே கேபிளிலும் உயிர் இருந்தது. வீட்டுக் கைபேசிகளில் எல்லாம் இணையம் ஓடிக்கொண்டிருந்தது. தங்கள் சேவை மையத்தில் இந்தக் கடைசி விவரத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். போனில் வருகிறது, கணினியில் வரவில்லை, எனவே கணினிதான் கெட்டுவிட்டது. அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து, அந்த முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தது. இந்த எண் வரிசைக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. கணினி "எனக்கொரு முகவரி கொடு" என்று மோடத்திடம் கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை, எனவே தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வேலை தங்கள் மோடத்தினுடையது. கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரிக்கு பிங் என்ற சோதனைச் செய்தி அனுப்பினேன், பதில் வந்தது. கணினிக்குள் இருக்கும் நெட்வொர்க் மென்பொருள் நலமாகத்தான் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். 192.168.1.1 என்ற மோடத்தின் முகவரிக்கு அனுப்பினால் பதில் இல்லை. கேபிளை மாற்றினேன், மோடத்தில் வேறு துளையில் செருகினேன், பயனில்லை. கணினியைத் தம்பியின் கடைக்குத் தூக்கிப்போய் அங்கிருக்கும் வேறொரு நிறுவனத்தின் இணைப்பில் செருகினேன். செருகியவுடன் முகவரி கிடைத்தது, இணையம் ஓடியது. கணினியின் துளை, உள்ளிருக்கும் நெட்வொர்க் அட்டை, விண்டோஸ் எல்லாம் சரியாக இருந்தால்தானே இது நடக்கும்? இதை அப்படியே சேவை மையத்தில் சொன்னேன். "மேடம், விண்டோஸை ஒருமுறை ஃபார்மட் செய்து பாருங்கள்" என்பதுதான் கிடைத்த பதில்.

இதற்கிடையில் எங்கள் வீட்டில் ஒரு விசித்திரம் தெரிந்தது. கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகன் வெள்ளிக்கிழமை இரவு வந்தால், மறுநாள் காலை கணினிக்கு இணைப்பு வராது. அவன் ஞாயிறு இரவு கிளம்பிப் போனால் திங்கள் காலை வந்துவிடும். அவன் நண்பர்களைப் பார்க்க வெளியே போன ஒரு சனிக்கிழமை பிற்பகல், நான் எதையும் தொடாமலே கணினிக்கு உயிர் வந்தது. மோடத்தை அணைத்துப் போட்டபோது கணினிக்கு இணைப்பு வந்து, மாமியாரின் கைபேசியில் போய்விட்டது. பேத்தியுடன் வீடியோவில் பேசக் காத்திருந்த அவர் என்னிடம் வந்து நின்றார். ஒன்று வந்தால் இன்னொன்று போகிறது என்றால் இடம் போதவில்லை என்றுதானே பொருள்? கூட்டுத்தொகை ஒத்துப்போகாத பேரேட்டில் எந்தப் பதிவு வந்தபோது வித்தியாசம் தோன்றியது என்று தேடுவதைப் போலத்தான் நானும் இதைத் தேடினேன். எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்தக் கருவி வீட்டில் இருந்தது என்று எழுதிவைத்து, அந்தத் தாளைப் படமெடுத்துத் தங்கள் செயலியில் பதிவேற்றினேன். அதைத் திறந்து பார்த்ததற்கான அடையாளமே இல்லை. "தானாகச் சரியானது" என்று குறிப்பிட்டுப் புகாரை மூடினார்கள். மீண்டும் பதிவு செய்தேன், மீண்டும் மூடினார்கள்.

முதலில் வந்த தங்கள் ஊழியர் கணினியைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "போர்ட் போய்விட்டது, யுஎஸ்பி லேன் வாங்கிப் போடுங்கள்" என்றார். யுஎஸ்பி துளையில் செருகி இணையக் கேபிளை இணைக்கும் சிறு கருவி அது. ஜவகர் பஜாரில் 650 ரூபாய்க்கு அதையும் வாங்கினேன். அதிலும் அதே 169.254. புதிதாக வாங்கிய பொருளும் அதே விடையைச் சொன்ன பிறகாவது சந்தேகம் மோடத்தின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அவரை அழைத்தபோது, அந்தக் கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஏறவில்லை என்றார்.

கடைசியில் நான் கணினிக்குக் கையாலேயே முகவரி கொடுத்தேன். கணினிக்கு 192.168.1.50, வெளியே போகும் நுழைவாயிலாக மோடத்தின் 192.168.1.1. அடுத்த நொடி இணைப்பு வந்தது. மகனின் கைபேசி, மாமியாரின் கைபேசி, என் கைபேசி, வாசல் கேமரா, கணினி எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்தன. இதைச் சொல்லி, மோடம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை முகவரி கொடுக்கலாம் என்ற வரம்பைப் பாருங்கள் என்று எழுத்தில் கேட்டேன். நானே பார்த்திருப்பேன். ஆனால் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லால் வைஃபை பெயரை மாற்றலாம், வேறொன்றும் முடியாது. அந்த வரம்புப் பக்கம் என் கண்ணுக்கே காட்டப்படுவதில்லை. பூட்டும் சாவியும் தங்களிடம் இருக்கும்போது உள்ளே பார்க்க வேண்டிய கடமையும் தங்களுடையதுதான்.

இரண்டாவதாக வந்தவர் பொறுமையானவர், வேலை தெரிந்தவர். நான் எழுதிவைத்த தாளை வாங்கிப் படித்தார். நிர்வாகக் கடவுச்சொல்லால் மோடத்தின் பக்கத்தைத் திறந்து என்னிடமும் காட்டினார். முகவரி வரம்பு 192.168.1.2 முதல் 192.168.1.5 வரை என்று இருந்தது. நான்கே நான்கு முகவரிகள். கொடுத்த முகவரி இரண்டு மணி நேரத்தில் காலாவதியாகும் என்றும் இருந்தது. இரவு முழுக்க இயங்கும் கேமராவும் கைபேசிகளும் தங்கள் இடத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க, இரவில் அணைக்கப்படும் கணினி மட்டும் காலையில் எழுந்து கேட்கும்போது இடம் இருக்காது. மகனின் வருகைக்கும் கணினிக்கும் இருந்த தொடர்பு இதுதான். அண்மையில் தொலைவிலிருந்து மோடங்களுக்கு அனுப்பப்பட்ட மென்பொருள் புதுப்பிப்பில் இந்த அமைப்பு மாறியிருக்கலாம் என்று அவரே சொன்னார். வரம்பை 192.168.1.254 வரை நீட்டிச் சேமித்தார். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்தக் கடிதத்தால் அவருக்கு எந்தத் தொல்லையும் வரக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையில் ஏன் இப்படி எழுதினீர்கள் என்று போனில் கேட்டபோது, செயலியில் தேர்ந்தெடுக்கக் கொடுத்திருக்கும் காரணங்களில் "மோடம் அமைப்பு மாற்றம்" என்று ஒன்று இல்லவே இல்லை என்றார். கோளாறு தங்களுடையது என்று எழுத ஊழியருக்கு இடமே வைக்காத ஒரு படிவத்தைத் தயாரித்துவிட்டு, அதன் அடிப்படையில் வாடிக்கையாளரிடம் பணம் வசூலிப்பதை எந்த வகையில் நியாயப்படுத்துவீர்கள்?

413 ரூபாய்க்காக மட்டும் நான் இவ்வளவு நீளமாக எழுதவில்லை. எங்கள் பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக வசிக்கிறார். மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண்களும் அவருடைய இணைப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவரிடமும் தங்கள் நிறுவனத்தின் அதே மோடம். அதே நாட்களில் அவருடைய கணினிக்கும் இணைப்பு நின்றது. தங்கள் சேவை மையம் அவருக்கும் ஃபார்மட் செய்யச் சொன்னது. அவர் சொன்னபடி செய்தார். கடையில் கணினியைக் கொடுத்தார். கடைக்காரர் வன்தட்டைத் துடைத்து விண்டோஸை ஏற்றிக் கொடுத்தார். மறைந்த கணவரோடு எடுத்த படங்கள், ஓய்வூதியம் தொடர்பாக நகலெடுத்து வைத்திருந்த தாள்கள், பள்ளியில் பிள்ளைகளுக்காகத் தட்டச்சு செய்து வைத்திருந்த பாடக் குறிப்புகள் எல்லாம் போயின. இணைப்பு அதற்குப் பிறகும் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த ஊழியரையே கையோடு அழைத்துப்போய்க் காட்டினேன். அங்கும் அதே நான்கு முகவரிகள். வரம்பை நீட்டினார், இணைப்பு வந்தது. "அப்படியென்றால் அழித்திருக்கவே வேண்டாமா?" என்று அந்த அம்மா கேட்டார். எங்கள் இருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. தங்கள் நிறுவனம் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கணினியைத் துடைத்து எழுதச் சொல்வது சின்ன ஆலோசனை அல்ல. மோடத்தின் பக்கத்தைத் தொலைவிலிருந்தே திறந்து பார்க்கும் வசதி தங்களிடம் இருக்கிறது. புதுப்பிப்பை அனுப்பிய வழியிலேயே வரம்பையும் பார்த்திருக்கலாம். அதைச் செய்யாமல், திருப்பிப் பெற முடியாத ஒன்றை அழிக்கச் சொல்வது பெரும் பொறுப்பின்மை. "உங்கள் கணினி காட்டும் முகவரி என்ன?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். 169.254 என்று பதில் வந்தால் கேபிளையும் மோடத்தையும் பார்ப்பதுதான் முதல் வேலை என்று நெட்வொர்க் பற்றிய அடிப்படைப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இவை. பணி அறிக்கையைத் திருத்தி, கோளாறு மோடத்தின் முகவரி வரம்பில் இருந்தது என்று எழுத்தில் தர வேண்டும். 413 ரூபாயையும், தங்கள் ஊழியர் சொன்னதால் வாங்கிய யுஎஸ்பி லேனுக்கான 650 ரூபாயையும், ஆக 1,063 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அந்த மாதத் தாக்கல்களைக் கைபேசி இணைப்பைக் கணினிக்குக் கொடுத்துக் கெடுவுக்குள் முடித்துவிட்டேன். எனவே தாமதக் கட்டணம் எதையும் தங்கள் தலையில் கட்டவில்லை. அந்தப் புதுப்பிப்புப் போய்ச் சேர்ந்த மற்ற மோடங்களையும் சரிபார்த்து, வரம்பு குறைந்திருக்கும் வீடுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். இன்னும் எத்தனை பேர் நல்ல கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு அலைகிறார்களோ! ஆசிரியையிடம் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டும். வன்தட்டிலிருந்து மீட்க முடிந்ததை மீட்கும் செலவையும் நிறுவனம் ஏற்க வேண்டும். மீட்பு பற்றி விசாரிக்கும் வரை அந்தக் கணினியில் புதிதாக எதையும் பதிய வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். எனவே தாமதிக்காதீர்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு புகார் தீர்வு விதிமுறைகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் தரப்பட வேண்டும். இந்தக் கடிதத்துக்கான எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்புங்கள். தீர்வு திருப்தியாக இல்லையென்றால் அதே விதிமுறைகளின் கீழ் தங்கள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போவேன். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் அதற்குக் கட்டணமும் இல்லை. அதுவரை போக வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

169.254 முகவரி தெரியும் கணினித் திரையின் படம், மோடத்தின் வரம்புப் பக்கத்தை ஊழியரின் அனுமதியோடு எடுத்த படம், பணி அறிக்கை, பில், யுஎஸ்பி லேன் ரசீது, நான் எழுதிவைத்த நேரக் குறிப்பு ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆசிரியையின் கையெழுத்திட்ட கடிதமும் தனியாக இருக்கிறது. 11, 20 ஆகிய தேதிகளையொட்டிய நாட்கள் தவிர, வேறு எந்த நாளிலும் காலை பத்து மணிக்குப் பிறகு என்னை அழைக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்