சுந்தரத்துக்கு, இன்டர்நெட் பற்றி

சென்னை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். மருமகளுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வரும் போலிருக்கிறது. பேரனும் கூடவே போய்விடுவான், வீடு வெறிச்சோடிவிடும் என்று என் மனைவி இப்போதே புலம்ப ஆரம்பித்துவிட்டாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மகன் வாங்கிக் கொடுத்த ஃபோனில் வாட்ஸப் பார்க்கிறேன், யூடியூபில் கச்சேரி கேட்கிறேன், ஆனால் இதில் இன்டர்நெட் என்பது எது, ரீசார்ஜ் பணம் யாருக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய். காலமெல்லாம் தந்தி ஆபீஸில் உட்கார்ந்தவன் நீ. மற்றவர்களைவிட உனக்குச் சீக்கிரம் புரியும்.

செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை ஒன்று. அதை வைத்துக்கொண்டு நடத்தும் சேவைகள் வேறு. இன்டர்நெட் என்பது முதலாவது மட்டும்தான். பல்லாயிரம் தனித்தனி வலைப்பின்னல்கள் ஒரே விதிமுறையை ஏற்று ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. மொத்தத்துக்கும் முதலாளி என்று யாரும் இல்லை. உன் ரீசார்ஜ் பணம் உன் ஃபோனை அதில் இணைத்துவிடும் கம்பெனிக்குப் போகிறது. வாட்ஸப்புக்கோ யூடியூபுக்கோ அதில் காலணா கிடையாது. அவர்களுடைய வரும்படி வேறு வழியில்.

நம் காலத்தில் ஒரு தந்தியை முழுசாக வாங்கி, முழுசாக அடுத்த ஆபீசுக்கு அடிப்போம். லைன் போய்விட்டால் அது அங்கேயே கிடக்கும். இன்டர்நெட்டில் செய்தியை முதலிலேயே துண்டு துண்டாக வெட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் போய்ச் சேர வேண்டிய முகவரியும் வரிசை எண்ணும் இருக்கும். ஒரு துண்டு ஒரு வழியில் போகலாம், அடுத்தது இன்னொரு வழியில் போகலாம். பெறும் இயந்திரம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக்கொள்ளும். வந்து சேராததை மறுபடி அனுப்ப வைக்கும். ஒரு துண்டு பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 1,500 ஆங்கில எழுத்துக்கு, மேல் போகாது. உன் பேத்தி அனுப்பும் மூன்று எம்.பி., அதாவது முப்பது லட்சம் பைட், புகைப்படம் சுமார் இரண்டாயிரம் துண்டுகளாகத்தான் உன்னிடம் வருகிறது. நடுவில் ஒரு லைன் அறுந்தாலும் மீதித் துண்டுகள் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

இந்த யோசனை 1960களில் அமெரிக்காவில் பால் பாரனுக்கும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸுக்கும் தனித்தனியாகத் தோன்றியது. அமெரிக்க ராணுவத் துறையின் பணத்தில் ஆர்ப்பாநெட் என்று ஒன்றைக் கட்டினார்கள். 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி. ‘லாகின்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து அடிக்க வேண்டும். எல், ஓ என்று இரண்டு எழுத்து போனதும் எதிர்முனைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது! நம் சூப்பரின்டெண்டென்ட் அங்கே இருந்திருந்தால் எல்லோருக்கும் மெமோ பறந்திருக்கும். பிறகு விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் வகுத்த விதிமுறைக்கு 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் மொத்தமும் மாறியது. இன்று உன் ஃபோன் பின்பற்றுவதும் அந்த வழியில் வந்ததைத்தான்.

இதெல்லாம் ஆகாயத்தில் நடக்கிறது என்று நினைக்காதே. டவரிலிருந்து உன் கைக்கு வருவதுதான் முக்கியமாகக் காற்றில். கண்டம் விட்டுக் கண்டம் போவது பெரும்பாலும் கடலடிக் கேபிளில். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கேபிள் போட்டார்கள் அல்லவா? 2002இல் அதே சென்னை–சிங்கப்பூர் இடையே கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. 2020 ஆகஸ்டில் அந்தமானுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டருக்கு ஒன்று திறந்தார்கள். அதுவரை அங்கிருந்தவர்கள் சாட்டிலைட்டை நம்பித் திண்டாடினார்கள்.

முகவரி எப்படி என்று கேட்பாய். இயந்திரங்களுக்கு எண்தான் முகவரி. மனிதனுக்கு அது நினைவில் நிற்காது. நம் ஆபீஸில் கம்பெனிக்காரர்கள் ஒற்றைச் சொல்லில் தந்தி முகவரி பதிவு செய்துகொள்வார்கள், நாம் ரிஜிஸ்டரைப் பார்த்து எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்று ஆளை அனுப்புவோம். இங்கேயும் அப்படி ஒரு ரிஜிஸ்டர் 1983இல் உருவானது. நீ ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், கண் இமைக்கும் முன் அது எண்ணைச் சொல்லிவிடும். ஒரே புத்தகமாக இல்லாமல், உலகம் முழுக்கப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இனி சேவைகள். பழையவற்றில் ஒன்று ஃபைல் அனுப்புவது. 1971இல் அதற்கு முதல் விதிமுறை எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். அதே ஆண்டு ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஈமெயில் அனுப்பிக் காட்டினார். பெயருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே அந்தச் சுழித்த ‘அட்’ குறியைப் போட்டதும் அவர்தான். நாம் பிரவுசரில் பார்க்கிற பக்கங்கள், அதாவது வெப், வெகு பின்னால் வந்தது. ஜெனிவா பக்கத்தில் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் அந்தத் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. என்னைக் கேட்டால் அந்த நாளைத்தான் கொண்டாட வேண்டும். நம் ஊரில் பொதுமக்களுக்கு இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15இல், அன்று மத்திய அரசின் வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். மூலம். கம்ப்யூட்டரை டெலிஃபோன் லைனில் சேர்க்கும் மோடம் கிரீச்சிட்டு இணைந்தால், வேலை முடியும்வரை வீட்டு டெலிஃபோன் எங்கேஜ்டு.

இப்போது வாட்ஸப்புக்கு வருகிறேன். ஈமெயிலும் வெப்பும் யாருடைய சொத்தும் அல்ல. நீ ஒரு கம்பெனியில் முகவரி வைத்திருக்கலாம், நான் இன்னொன்றில் வைத்திருக்கலாம், கடிதம் போய்ச் சேரும். பிடிக்காவிட்டால் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். வாட்ஸப்போ ஒரே நிறுவனத்தின் சேவை. 2014இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது. நானும் அதில் இருந்தால்தான் நீ எனக்கு எழுத முடியும், அவர்கள் வைத்ததுதான் சட்டம். வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே தினமும் பார்க்கிறேன். காலையில் வரும் பூக்கொத்துப் படங்களைத்தான் சகிக்க முடியவில்லை. ஆனால் பென்ஷன், பாங்க், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் தேதிவாரியாகத் தேடி எடுக்க ஈமெயில்தான் தோது. உனக்கென்று ஒரு முகவரி எடுத்துக்கொள். மகன் முகவரியையே எல்லா இடத்திலும் கொடுக்காதே.

தமிழில் எழுத முடியுமா என்று தயங்காதே. முன்பு எந்த எழுத்துக்கு எந்த எண் என்று ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அனுப்புகிறவரின் எழுத்துரு நம்மிடம் இல்லாவிட்டால் திரையில் வெறும் கிறுக்கல். இப்போது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் பட்டியலான யூனிகோடில் ‘அ’ என்றால் 2949, உலகம் முழுவதும் ஒரே எண். கல்யாண வாழ்த்துத் தந்திக்கு முழு வாசகம் அனுப்பாமல் அதற்கான எண்ணை மட்டும் அடித்தோமே, அந்தச் சங்கதிதான்.

அப்புறம் ஒன்று. யுபிஐ-யில் நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் போடவே வேண்டாம். பணம் வருகிறது, பின் போடுங்கள் என்று எவனாவது சொன்னால் ஃபோனை வைத்துவிடு. ஓடிபி-யை யார் கேட்டாலும் சொல்லாதே. வீடியோவில் போலீஸ் உடுப்போடு வந்து உங்களைக் கைது செய்கிறோம் என்றாலும் அதேதான். அப்படி ஒரு கைதே சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் பேச வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நவம்பரில் உயிர்ச் சான்றிதழுக்காக முழங்கால் வலியோடு பாங்க் வாசலில் நிற்காதே. ஜீவன் பிரமாண் என்று இருக்கிறது, ஆதார் வழியாக முகத்தைக் காட்டி ஃபோனிலேயே முடிக்கலாம். பேத்தி லீவுக்கு வரும்போது கூட உட்கார்ந்து செய்யச் சொல்.

பென்ஷனர் சங்கக் கூட்டம் ஜனவரியில் திருச்சியில் என்று பேச்சு அடிபடுகிறது. நீ வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது, தரைத்தளத்தில் இரண்டு பேருக்கும் ரூம் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
வேணு