லிங்கன் பார்க்கில் குடியிருக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

"ஒரு காலத்தில் கேங் ஏரியாவாம் அண்ணா, ரவுடிகளை விரட்டிவிட்டுச் சுத்தம் செய்துவிட்டார்கள்" என்று போனில் சொன்னாய். வீட்டுக்காரர் சொன்னதாக இருக்கும். சிகாகோவின் அந்தப் பகுதியில் விரட்டப்பட்டவர்கள் யார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1950களில், அமெரிக்க ஆட்சியில் இருக்கும் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அங்கே குறைந்த வாடகையில் குடியிருந்தன. அவர்களுடைய பையன்கள் தெருவில் நடந்தால் வெள்ளைக்காரக் கும்பல்கள் அடிக்கும். அந்த அடிக்குத் தற்காப்பாக, 1960 வாக்கில் ஒர்லாண்டோ டாவிலாவைச் சுற்றிச் சேர்ந்த கூட்டம்தான் யங் லார்ட்ஸ். அவர்களும் அடிதடி, திருட்டு, போதைப்பொருள் எல்லாம் செய்தார்கள். அதை நான் மறைக்கவில்லை.

'ச்சா ச்சா' என்று எல்லாரும் கூப்பிட்ட ஹோசே ஹிமெனெஸ் அவர்களில் ஒருவர். 1968இல் போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போனவர் அங்கே மார்ட்டின் லூதர் கிங்கையும் மால்கம் எக்ஸையும் படித்தார். வெளியே வந்தபோது மேயர் ரிச்சர்ட் டேலியின் 'நகரப் புதுப்பிப்பு', அதாவது பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டம், லிங்கன் பார்க்கில் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அவருடைய சனங்கள் தெருத் தெருவாக வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இத்தனை நாள் எந்தத் தெரு யாருடையது என்று பக்கத்துக் கும்பலோடு சண்டை போட்டோமே, தெருவே கைவிட்டுப் போகிறதே என்று அவருக்கு உறைத்தது. அந்த செப்டம்பரிலேயே கேங்கை அரசியல் அமைப்பாக மாற்றினார். தலையில் ஊதா நிறத் தொப்பி, சட்டையில் 'போர்ட்டோ ரிக்கோ என் நெஞ்சில் இருக்கிறது' என்ற பேட்ஜ்.

1969 மே மாதம், மனுவேல் ராமோஸ் என்ற அவர்களுடைய தோழரைப் பணியில் இல்லாத போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். பழைய யங் லார்ட்ஸாக இருந்தால் அன்று இரவே பழிவாங்கக் கிளம்பியிருப்பார்கள். இவர்கள் மெக்கார்மிக் இறையியல் கல்லூரிக்குள் புகுந்து, ஒரு கட்டடத்துக்கு ராமோஸ் பெயரை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஏழைகளுக்கு வீடு கட்டவும் மருத்துவமனை நடத்தவும் பணம் கேட்டார்கள். கல்லூரியும் தருவதாக ஒப்புக்கொண்டது. நீ தினமும் வகுப்புக்குப் போகும் டிபால் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு பகுதி அந்தக் கல்லூரி இருந்த இடம்தான்.

அடுத்த மாதம் ஆர்மிட்டேஜ் சாலை மெதடிஸ்ட் தேவாலயத்தை எடுத்துக்கொண்டு 'மக்கள் தேவாலயம்' என்று பெயர் மாற்றினார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளை அங்கே இலவசமாகப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இலவச மருத்துவமும் வந்தது. கட்டட விதியைக் காட்டி நகராட்சி குடைச்சல் கொடுத்தது. போதகர் புரூஸ் ஜான்சன் இவர்கள் பக்கம் நின்றார். செப்டம்பரில் அவரும் மனைவி யூஜீனியாவும் தங்கள் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். கொன்றவர் யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

கறுப்பினத்தவரின் உரிமைக்குப் போராடிய கறுப்புச் சிறுத்தைகள் அமைப்பின் பிரெட் ஹாம்ப்டன், ஏழை வெள்ளையர்களின் யங் பேட்ரியாட்ஸ், யங் லார்ட்ஸ் என மூன்று தரப்பும் அந்த ஆண்டு 'வானவில் கூட்டணி'யாக ஒன்று சேர்ந்தன. டிசம்பர் 4 விடியற்காலையில் ஹாம்ப்டனைப் போலீஸ் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றது. அப்போது அவருக்கு வயது 21.

யங் லார்ட்ஸ் கேட்ட, ஏழைகளுக்கு வீடு கட்டும் திட்டத்தை நகர நிர்வாகம் ஏற்கவில்லை. போர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் வெளியேறின, வாடகை ஏறியது. ஹிமெனெஸ் 1975இல் நகர்மன்றத் தேர்தலில் நின்று 39 சதவீத ஓட்டு வாங்கித் தோற்றார். 2025 ஜனவரியில் காலமானார்.

அவர்கள் நடத்திய பத்திரிகையின் பழைய இதழ்கள் உன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. பரீட்சை முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்